சர்க்கரை அங்கிள்

பெட்டியைத் திறந்து காட்டிட்டேன். கவிழ்த்தும் காட்டிட்டேன். என் கல்யாண ஆல்பம், பழைய ஜெபமாலை, ஒரு செத்த கரப்பான். கேசட் இல்லை. இல்லைன்னு வாசலிலேயே சொன்னேனே, நீதான் நம்பலை. கனடாவிலிருந்து வந்தவங்களுக்கு எங்க வாய்ச்சொல் போதாது போலிருக்கு.

சரி, உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காரு. ஆன்ட்டின்னே கூப்பிடு, ரெஜினா ஆன்ட்டி. மேலப்புதூர் முழுக்க ‘சவரி வீடியோ எங்கே, சவரி வீடியோ எங்கே’ன்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கே. கடையை மூடி எவ்வளவோ காலம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் சவரிநாதனும் போய்ச் சேர்ந்துட்டார். மிச்சம் நான்தான். அழாதே. யாராவது அழுதால் எனக்குக் கோபம்தான் வரும், இப்பவே சொல்லிடறேன்.

நீ வாசலில் நின்னு அரை மணி நேரம் இழுத்து இழுத்துச் சொன்னதை நான் நாலு வரியில் சொல்றேன், சரியான்னு பாரு. உன் பேர் தர்சிகா. உங்கப்பா யோகலிங்கம். இலங்கையிலிருந்து தப்பி வந்து இங்கே கருமண்டபத்தில் உன் அத்தை வீட்டில் இருந்தார். உங்கம்மா உன்னை வயித்தில் வெச்சுக்கிட்டு முதலில் கனடா போனாங்க. அப்புறம் இவர் கிளம்பினார். ஏஜென்ட் எந்தக் கப்பலில் ஏத்தினானோ, போய்ச் சேரவே இல்லை. உனக்கு அப்பான்னா போட்டோதான். நடக்கிற அப்பாவை, திரும்பிப் பார்க்கிற அப்பாவை நீ கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் நடந்ததும் திரும்பினதும் ஒரே ஒரு கேசட்டோட கடைசி ஒரு மணி நேரத்தில் இருந்தது. கேசட் எங்க கடைக்கு வந்தது. கடைசி ஒரு மணி நேரம் உங்க வீட்டுக்கு வரலை.

இவ்வளவுதானே? கான்வென்ட்டில் பிரெஸி எழுதறதில் எனக்கு எப்பவும் முதல் மார்க். ஒரு பக்கத்தைக் கொடுப்பாங்க, அதை மூணில் ஒரு பங்காகச் சுருக்கணும். சிஸ்டர் பெனடிக்டா என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வாங்க. எதை எடுக்கணும், எதை விடணும்னு தெரியறது ஒரு கொடுப்பினை. எல்லாருக்கும் வராது.

இப்போ கேளு. இது யார் தப்பும் இல்லை. நாடாவோட நீளம்.

அந்தக் காலத்தில் நம்ம ஊர் டிவிக்கு ஒரு முறை, உங்க ஊர் டிவிக்கு வேற முறை. இங்கே எடுக்கறது பேல். அங்கே ஓடுறது என்டிஎஸ்சி. லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் அப்படியே அனுப்பலாம். கனடாவுக்கு அப்படியே அனுப்பினால் படம் உருண்டுகிட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாது. பிரான்ஸுக்கு மூணாவதாக இன்னொரு முறை. ஒரு டிவிப் பெட்டியில்கூட ஒத்துப் போகாத நாடுகள், இவங்க சேர்ந்து உலக சமாதானம் பேசுவாங்களாம். மாத்தறதுக்கு எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒரு மெஷின் வரவழைச்சார். வாங்கினது அவர், ஓட்டினது நான். அவர் கல்யாணம், சாவுன்னு கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவார். இங்கிலீஷில் எழுதியிருந்த பட்டனையெல்லாம் படிக்கத் தெரிஞ்சவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மூணு மணி நேரக் கேசட்டை மாத்த மூணு மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்டிவிட முடியாது. பக்கத்திலேயே உட்காரணும், மெஷின் சூடானால் படத்தில் கோடு விழும். நினைச்சுப் பாரு. அடுப்பில் குழம்பு, தொட்டியில் பாத்திரம், நான் யாரோ வீட்டுச் சடங்கையும் யாரோ வீட்டுப் பிணத்தையும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உங்க ஆட்கள் எல்லாத்தையும் எடுப்பாங்க. மாலை போடறதை எடுப்பாங்க, மாலையைக் கழட்டறதையும் எடுப்பாங்க. சாப்பிட்ட இலையை எடுத்துப் போடறதுகூட இருக்கும். கேட்டால், ‘அங்கை பிள்ளையள் பாக்க வேணும் அக்கா.’ எதை? எச்சில் இலையையா?

இதில் இன்னொண்ணு. இங்கே மூணு மணி நேரம் பிடிக்கிற அதே கேசட், உங்க ஊர் முறையில் ரெண்டு மணி நேரமும் கொஞ்சமும்தான் பிடிக்கும். அங்கே நாடா வேகமாக ஓடும். அப்போ மிச்சத்துக்கு ரெண்டாவது கேசட் போட்டாகணும். எங்க வீட்டுக்காரர் போடுவார். நான் பெரும்பாலும் போட மாட்டேன். ஏன்னா அந்த மிச்சத்தில் என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்.

உங்க ஆட்களுக்கு ஒரு பழக்கம். யாராவது விசேஷம் எடுத்தால், நாடா மிச்சமிருக்கிற இடத்தில் வேற யாராவது தொத்திக்குவாங்க, நம்ம டவுன் பஸ்ஸில் கடைசிப் படியில் தொங்கற மாதிரி. கல்யாணம் முடிஞ்சு தாம்பூலமும் கொடுத்தாச்சு, திடீர்னு சம்பந்தமே இல்லாத ஒரு பெரியவர் திரையில் வந்து, ‘தம்பி, கால்நோ சுகம், காசு கிடைச்சது, நீ குளிருக்குத் தொப்பி போடு’ம்பார். தொப்பி போடச் சொல்ல ஒரு கேசட்!

அப்படித் தொத்தினவர்தான் உங்கப்பா. உன் அத்தை மகள் பெரியவளான சடங்கு. உங்க பாஷையில் சாமத்திய வீடு. எங்க வீட்டுக்காரர் எடுத்தார். மறுநாள் காலையில் கேமராவைத் திரும்ப எடுத்துட்டு வரப் போனவரிடம் உங்கப்பா, ‘அண்ணை, மிச்ச நாடாவிலை நான் இருக்கட்டோ’ன்னு கேட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர் இளகின ஆளு. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, பட்டனை அமுக்கி ஓடவிட்டுட்டு, மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்னு வந்துட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேசட்டைப் போட்டேன். ரெண்டு மணி நேரம் சடங்கு. அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பட்டு, பூ, ஆலாத்தித் தட்டு. அது முடியவும் புதுக் கேசட் தீரவும் சரியாக இருந்தது. அளந்து வெச்ச மாதிரி. பழைய கேசட் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. பார்த்தேன். ஒரு ஆள் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். கேமராவை அணைக்க மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. இதுக்குப் போய் இன்னொரு கேசட்டா? வீட்டில் புதுக் கேசட்டும் இல்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்து வெச்சது. அன்னைக்கு என் நாத்தனார் மகளுக்கு நிச்சயம் வேற. ஆட்டோ வாசலில் நின்னு ஹார்ன் அடிக்குது.

என்ன? அவர் முன்கூட்டியே என்கிட்ட சொன்னாரா? யார் சொன்னது உனக்கு? உன் அத்தையா?

சொன்னார். ஆமாம், சொன்னார்தான். கேசட்டைக் கொடுக்க வந்தப்போ செருப்பை வாசலில் விட்டுட்டு வந்து நின்னு, ‘அக்கா, கடைசியிலை நான் நிக்கிறன். அதை விட்டுடாதேங்கோ’ன்னார். வர்ற ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்வாங்க. யார் எந்தக் கேசட்டில் கடைசியில் நிக்கறாங்கன்னு நான் கணக்கு வெச்சுக்க முடியுமா? ‘சரி சரி, வெச்சுட்டுப் போங்க’ன்னேன்.

அப்புறமும் ஒரு தடவை வந்தார். பார்சல் போன பிறகு. ‘முழுக்க வந்ததோ அக்கா? நான் வடிவாத் தெரியிறனோ?’ மூஞ்சியைப் பார்க்கணுமே. பரீட்சை ரிசல்ட் கேட்க வந்த பிள்ளை மாதிரி. நான் என்ன சொல்றது? போன பார்சலைப் போய் நிறுத்த முடியுமா? ‘பளிச்சுன்னு தெரியறீங்க, நல்லா வந்திருக்கு’ன்னேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் ஏதாவது உளறியிருப்பார். உங்கப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார். அடுத்த மாசமே கப்பலேறிட்டார்னு கேள்விப்பட்டோம். யோசிச்சுப் பாரு, இந்த ஊரிலிருந்து அவர் மனக்குறையோட போகலை. தன் பொண்டாட்டி தன்னைப் பார்த்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனார். அந்த நிம்மதியைக் கொடுத்தது யார்?

உங்கம்மா விஷயத்தில்தான் எனக்கு ஒண்ணும் புரியலை. நீ சொல்றே, அவங்கதான் போனில் கேட்டாங்களாம்: ‘எனக்கு ஒரு செய்தியும் சொல்ல வேண்டாம். வீட்டிலை எப்பிடி இருப்பீங்களோ அப்பிடி இருந்து காட்டுங்கோ, அது காணும்.’ அது போதுமாம். சரி. கேசட் போய்ச் சேர்ந்தது. கைக்குழந்தை உன்னை மடியில் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் சடங்கு பார்த்தாங்க, இப்போ வருவார் இப்போ வருவார்னு. வெறும் நீலத் திரை வந்தது. உடனே கோபம். கேட்ட ஒண்ணைக்கூடச் செய்யலை, என்னை மறந்துட்டார்னு. அடுத்த தடவை அவர் போன் பண்ணினப்போ, ‘நான் வீட்டிலை இல்லையெண்டு சொல்லுங்கோ’ன்னு கூட இருந்த தன் அண்ணனிடம் சொல்லிட்டாங்க. அதுதான் அவர் பண்ணின கடைசிப் போன்.

இது என்ன அவசரம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்குமே! சாகிற வரைக்கும் அந்தக் கடைசிப் போன் பேச்சை எடுக்கவே விடலைன்னு வேற சொல்றே. உங்கம்மா செத்த வீட்டில், லண்டனிலிருந்து வந்த அத்தை, ‘அவன் காலமை முழுக்க என்ரை வீட்டிலை கமெராவுக்கு முன்னாலை இருந்தவனே’ன்னு சொன்ன பிறகுதான் உனக்கே தெரியுதுன்னால், அவங்களுக்குள்ளே யாரும் யாரோடும் பேசிக்கவே மாட்டாங்களா? செத்துப் போனவங்களைச் சொல்லக் கூடாது. ஆனால் மனுஷிக்குப் பொறுமை வேணும்.

அது என்ன போனில்? காட்டு. தள்ளிப் பிடி, கண்ணாடி போடலை.

ஓ. சடங்கு வீட்டுப் பந்தி. ஆமாம், இது நான் மாத்தினதுதான். கலர் இன்னும் போகலை பாரு.

எந்தக் கை? சோத்து வாளி பிடிச்ச கையா? மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கே, அதுவா? இதை வெச்சுக்கிட்டா அம்மாவும் மகளும் இத்தனை வருஷம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தீங்க? இது உங்கப்பா கைன்னு யார் சொன்னது? அம்மாவா?

இல்லைம்மா. இது எங்க லைட் பிடிக்கிற பீட்டர் கை. பந்தியில் பரிமாற ஆள் பத்தலைன்னு லைட்டை வெச்சுட்டு வாளியைத் தூக்கிட்டான். கறுப்புக் கயிறு அவன் எப்பவும் கட்டியிருப்பான், வேளாங்கண்ணியில் மந்திரிச்சது. உங்கப்பா இதைவிட நிறம் கம்மி, கையும் மெலிசு.

ஏன் அப்படிப் பார்க்கறே? கேட்டே, சொன்னேன். தெரியாமலே இருக்கறதைவிட உண்மை தெரியறது நல்லதுதானே? கும்பிட்டுக்கிட்டு இருக்கறதுன்னால் சரியான கையைக் கும்பிடணும்.

தண்ணி குடி.

பழைய கேசட்டா? அதைச் சொல்லிட்டேன்னால் நீ கிளம்பலாம். உன் அத்தை அதைத் திருப்பி வாங்க வரவே இல்லை, அவங்களும் ஊர் மாறிட்டாங்க. நல்ல கேசட்டை யாராவது தூக்கிப் போடுவாங்களா? என் மகன் ஜெரால்ட் சர்ச்சில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்கினதை அதில் பதிஞ்சோம். பூசை, கேக், சாப்பாடு எல்லாம் சேர்த்து சடங்கு இருந்த இடம் முழுக்க நிறைஞ்சது. அது முடிஞ்சதும் படம் ஒரு குதி குதிக்கும், உங்கப்பா வந்துடுவார்.

ஆமாம். அழியலை. கடைசியில் அப்படியே இருந்தது. நாங்க யாரும் எழுந்து போய் அணைக்கறதுக்குள்ளே வந்து உட்கார்ந்துடுவார். ஜெரால்டும் அவன் சிநேகிதங்களும் புதுநன்மையைப் பார்க்க மாட்டாங்க, ‘சர்க்கரை அங்கிளைப் போடுங்க, சர்க்கரை அங்கிளைப் போடுங்க’ன்னு ஓட்டச் சொல்வாங்க. ஏன்னா அவர் தேத்தண்ணியில் சர்க்கரை போட மாட்டார். உள்ளங்கையில் கொட்டிக்கிட்டு, ஒரு வாய் குடிச்சு, நாக்கால் சர்க்கரையைத் தொடுவார். பெரிய மனுஷன், பூனை மாதிரி. எனக்குக் குமட்டும். பையன்களுக்கு அது பெரிய வேடிக்கை. எங்க வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் உங்கப்பாவைப் பார்த்திருக்காங்க. பாளையங்கோட்டையில் இருக்கிற என் தம்பிகூட, ‘அக்கா, அந்த ஆளு இன்னும் டீ குடிச்சு முடிக்கலையா?’ன்னு கேட்பான்.

என்ன, உன் உள்ளங்கையைப் பார்த்துக்கறே? நீயும் அப்படித்தான் குடிப்பியா? கருமம்.

அப்புறம் ஜெரால்ட் கல்யாணத்துக்கு முன்னாடி அதை சிடியில் மாத்தக் கொடுத்தோம். கடைக்காரர் போனில் கேட்டார், ‘மேடம், பையன் விருந்து முடிஞ்ச பிறகு யாரோ ஒருத்தர் வர்றார், அதையும் ஏத்தவா?’ நான் சொன்னேன், அது எங்க ஆள் இல்லை, அதோட முடிச்சுக்கோங்க. சரியான பதில்தானே? எங்க ஆள் இல்லையே. கேசட் பூஞ்சை பிடிச்சிருந்தது. குப்பை வண்டியில் போட்டேன். அவ்வளவுதான். இனி எங்கேயும் தேடாதே. ஜெரால்டிடமும் இல்லை, அவன் பெங்களூரில் இருக்கான், அவனைத் தொந்தரவு பண்ணாதே.

முறைக்காதே. என்னை முறைச்சால் வந்துடுமா?

‘அப்பா கதைச்சவரோ’வா? பேசறதா? அதுதான் எரிச்சலே. ஒரு மணி நேரம் வாயே திறக்கலை. எழுந்து போவார், வெறும் சுவர் தெரியும், குழாய்ச் சத்தம் கேட்கும். திரும்ப வருவார், தலை ஈரமாக இருக்கும். கேமராவோட கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுவார். வலது பக்கம் வகிடு. துவைச்ச சட்டையை மடிப்பார். ஒழுங்காக மடிக்கத் தெரியாது, காலரை உள்ளே விட்டுட்டு மடிப்பார், நான் ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துத் திட்டுவேன். வெங்காயம் உரிப்பார். உரிச்சதை என்ன பண்ணினார்னு தெரியாது, தட்டோட உள்ளே போயிடுவார்.

ஒரே ஒரு தடவை பேசினார். உள்பக்கமாகத் திரும்பி, ‘மங்கை, தேத்தண்ணி ஆறிட்டுது’ன்னார். மங்கைன்னா உங்கம்மாவா? அவங்கதான் அப்போ கனடாவில் இருக்காங்களே! பொண்டாட்டி கடல் தாண்டி இருக்கா, இவர் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கறார். சொல்லிட்டு, பதில் வர்ற மாதிரி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, மூளை கலங்கின ஆளோன்னு. எங்க வீட்டுக்காரர் மட்டும் அந்த இடம் வந்தால் எழுந்து வெளியே போயிடுவார். அந்த மனுஷர் எப்பவும் அப்படித்தான்.

எந்தக் குரலில்னா? குரலில்தான். எனக்கு மிமிக்ரியெல்லாம் வராது. மெதுவாக, முடிக்கும்போது கொஞ்சம் மேலே போகும். ‘ஆறிட்டுது...’ இப்படி. இன்னொரு தடவையா? ‘மங்கை, தேத்தண்ணி ஆறிட்டுது.’ போதும், எதிர்வீட்டு எலிசபெத் என்னைப் பைத்தியம்னு நினைக்கப் போறாள்.

கடைசியில் என்னவா? கடைசியில்தான் பெரிய கூத்து. அவருக்குக் கேமராவை அணைக்கத் தெரியலை. எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது மறந்துடுச்சு. கிட்டே வருவார், குனிவார், பட்டனைத் தேடுவார். முகம் திரை முழுக்க வந்துடும். கண் மட்டும். அப்புறம் நெத்தி. அப்புறம் மறுபடியும் கண். எங்கே அமுக்கறதுன்னு தெரியாமல் அப்படியே பார்த்துக்கிட்டே நிப்பார். அந்த இடத்தில் நாடா தீர்ந்து போச்சு.

எதுக்கு எழுந்திருக்கறே? நான் எப்படிக் காட்டறது? வயசான பொம்பளை நான், உங்கப்பா மாதிரி நடக்கணுமா? வெக்கக்கேடு. இடுப்பு வேற சரியில்லை.

சரி, அழாதே. அழாதேன்னு சொன்னேன் இல்லையா? காட்டறேன். இங்கேயிருந்து இப்படி வருவார். கையை இப்படித் துடைச்சுக்குவார், இடுப்பில் கட்டியிருக்கிற சாரத்தில். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். வந்து, இப்படிக் குனிஞ்சு...

போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறியே, படமா எடுக்கறே? தலைகூடச் சீவலை நான். சரி, எடுத்துத் தொலை. இப்படிக் குனிஞ்சு, கண்ணை இப்படிக் கிட்டே கொண்டு வந்து, இப்படிப் பார்ப்பார். இந்தப் பக்கம் தேடுவார். அந்தப் பக்கம் தேடுவார். அப்புறம் தேடறதை விட்டுட்டுச் சும்மா பார்ப்பார்.

இதோ. இப்படித்தான்.

ஆச்சா? ஏம்மா, எவ்வளவு நேரம் குனிஞ்சிருக்கறது? இடுப்பு பிடிக்குது. ரெண்டு நிமிஷம் எடுத்தால் போதாதா, அதுக்கு மேலே எதுக்கு? தர்சிகா, காதில் விழுதா? நிறுத்து. நிறுத்தும்மா. நிறுத்தேன்!